புது டீசல் பிக்கப்பில் அடிக்கடி எரியும் மஞ்சள் லைட்: தப்பு ஓட்டுநர் மேலயா, வண்டி மேலயா?

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் சரக்கு ஏற்றும் சின்ன வண்டிகளின் ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பேச்சு கடைசியில் ஒரு புகாரில் வந்து நிற்கும். "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. திடீர்னு மஞ்சள் லைட் எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது." சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கே வரும் பதிலும் பழகிப்போனதுதான்: "நீங்க ஓட்டுற முறை சரியில்ல."

தவணையில் வண்டி எடுத்து, அன்றைய நடைக்கூலியை நம்பி ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வண்டி இரண்டு நாள் ஷெட்டில் நின்றால் வாடகை போச்சு. லோடு கொடுக்கும் கம்பெனி வேறு வண்டியைப் பிடித்துவிடும். டியூ தேதி மட்டும் தள்ளிப் போகாது. அப்படியானால் உண்மையில் யார் மேல் தப்பு?

2020 ஏப்ரலில் என்ன மாறியது?

இந்தியா முழுக்க 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4 மாசு விதி நடைமுறையில் இருந்தது. பிஎஸ்-5 என்ற படியைத் தாண்டி நேராக பிஎஸ்-6க்குப் போவது என்று 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவு செய்தது. 2020 மார்ச் 31க்குப் பிறகு பிஎஸ்-4 வண்டிகளை விற்கக் கூடாது என 2018 அக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 வந்தது.

மாற்றம் எவ்வளவு பெரியது? டீசல் கார்களில் ஒரு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு 0.08 கிராமாகக் குறைந்தது. நுண்துகள் வரம்பு 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமுக்கு இறங்கியது. எடை கூடிய பிக்கப்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கொஞ்சம் தளர்வுதான் என்றாலும், அங்கேயும் பெரிய வெட்டுதான். டீசலில் இருக்கும் கந்தகமும் 10 லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

இந்த வரம்புக்குள் வர இன்ஜினை மட்டும் திருத்தினால் போதாது. சைலன்சர் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையையே வைக்க வேண்டியிருந்தது. இப்போது வரும் தொல்லைகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

டிபிஎஃப் எப்படி வேலை செய்கிறது?

டீசல் புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டிதான் டிபிஎஃப். தேன்கூடு போன்ற நுண்ணிய அறைகள் கொண்டது. புகை இந்த அறைச் சுவர்களின் வழியாக வெளியேறும், கரி உள்ளே தங்கிவிடும்.

தங்கிய கரியை அப்படியே விட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் வண்டி அவ்வப்போது அதை எரித்துச் சாம்பலாக்குகிறது. இதற்கு 'ரீஜெனரேஷன்' என்று பெயர். இது நடக்கச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஹைவேயில் லோடோடு நிற்காமல் போகும்போது இந்தச் சூடு ஓரளவு தானாகவே கிடைக்கும். கிடைக்காதபோது, கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்துச் சூட்டை ஏற்றும். பொதுவாக 15, 20 நிமிடம் வண்டி சீரான வேகத்தில் ஓடினால் வேலை முடிந்துவிடும். பாதியிலேயே இன்ஜினை அணைத்தால் எரிப்பும் பாதியில் நின்றுபோகும்.

தோல் பகுதி ஓட்டத்தில் எங்கே சிக்கல்?

இந்தப் பகுதியின் வேலையே துண்டு துண்டானது. பதனிட்ட தோல் ஒரு இடத்திலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகும். வெட்டிய தோல் தையல் வேலைக்கு இன்னொரு இடத்துக்குப் போகும். கெமிக்கல் டிரம், அட்டைப் பெட்டி, உப்பு மூட்டை என ஒவ்வொன்றும் ஒரு தனி நடை. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், அரை மணி நேரம் கேட்டில் காத்திருப்பு, திரும்ப ஐந்து கிலோமீட்டர். பில் எழுதும் வரை இன்ஜினை ஓடவிட்டே நிற்பதும் வழக்கம்.

பழைய வண்டிக்கு இது பெரிய விஷயமே இல்லை. புது வண்டிக்கோ இதுதான் மோசமான ஓட்டம். புகைக்குழாய் சூடாவதற்குள் நடை முடிந்துவிடுகிறது. கரி சேர்கிறது. எரிப்பு தொடங்கும் நேரத்தில் சாவி திருகப்படுகிறது. இப்படிப் பத்து முறை நடந்தால் லைட் எரியும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால், பாதுகாப்புக்காக வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். 'இழுக்க மாட்டேங்குது' என்பது இதைத்தான்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. எரிப்புக்காகத் தெளித்த டீசல் முழுசாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே இன்ஜின் ஆயிலில் கலக்கலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அது நல்ல செய்தி இல்லை. நீர்த்துப்போன ஆயிலோடு ஓடும் இன்ஜின் சீக்கிரம் தேயும்.

ஆயிலின் வகையும் முக்கியம். எரிந்தபின் சாம்பல் குறைவாக விடும் ஆயிலைத்தான் இந்த வண்டிகளுக்கு ஊற்ற வேண்டும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. விலை குறைவு என்று கிடைத்த ஆயிலை ஊற்றினால், சாம்பல் வடிகட்டியை நிரந்தரமாக அடைக்கும்.

ஆட்ப்ளூ தொல்லை என்ன?

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கச் சில வண்டிகளில் எஸ்சிஆர் என்ற அமைப்பு இருக்கிறது. இதற்குத்தான் ஆட்ப்ளூ ஊற்ற வேண்டும். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். தீர்ந்துபோனால் வண்டி சக்தியைக் குறைக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்டார்ட் ஆகவும் மறுக்கலாம்.

யூரியாதானே என்று வயலுக்குப் போடும் உரத்தைக் கரைத்து ஊற்றுவதும், பெயர் தெரியாத கேனை வாங்கி ஊற்றுவதும் விபரீதம். அசுத்தம் படிந்து ஊசிக்குழல் அடைக்கும், சென்சார் கெடும். கேனில் 'ஐஎஸ்ஓ 22241' என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

அப்போ புது வண்டியே மோசமா?

அப்படிச் சொல்ல முடியாது. இழுவை கூடியிருக்கிறது, சத்தம் குறைந்திருக்கிறது, ஸ்டியரிங் லேசாகியிருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ ஹைவேயில் லோடு அடிப்பவர்களுக்கு டிபிஎஃப் தொல்லை வர வாய்ப்பு குறைவு. ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் ஒருவர் புகழ்கிறார், இன்னொருவர் திட்டுகிறார் என்றால், இருவரின் ரூட்டையும் முதலில் கேட்க வேண்டும்.

அதிருப்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு தெரு முனை மெக்கானிக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். இப்போது ஸ்கேனர் இல்லாமல் எதுவும் தெரியாது. சின்ன சென்சார் கெட்டாலும் சர்வீஸ் சென்டர் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும்.

டிபிஎஃப்பைக் கழற்றிவிடலாமா?

'கழற்றி, புரோகிராம் மாத்திட்டா பிரச்சினையே இல்ல' என்று சொல்பவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இப்படி வண்டியை மாற்றுவதை அனுமதிக்கவில்லை. உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்க வழி இருக்கிறது. மாசு விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. வாரன்டியும் போகும். நாளைக்குக் கம்பெனி மேல் வழக்குப் போட நினைத்தால், கையில் இருந்த ஒரே ஆதாரத்தை நாமே கழற்றிப் போட்ட கதையாகிவிடும்.

'ஓட்டும் முறை' என்ற பதில் போதுமா?

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் சுமார் 2.64 லட்சம். வெள்ளைப் புகை, நாற்றம், அடிக்கடி சர்வீஸ் எனப் புகார்கள் குவிந்தன. உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள்.

2022 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் டிபிஎஃப் அமைப்பிலேயே குறைபாடு இருந்ததாகத் தீர்ப்பளித்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வண்டிகளில் தொல்லை கொடுத்தது சின்ன ஓட்டம் அல்ல. ஹைவேயில் சீராக வேகமாக ஓட்டுவதுதான். சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடிய எல்லா ஓட்டத்துக்கும் தாங்கும்படி அந்த அமைப்பு வடிவமைக்கப்படவில்லை என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை. வண்டி மதிப்பில் 17.5 சதவீதம் குறைந்ததாக முதலில் கணக்கிடப்பட்டது. 2023இல் மேல்முறையீட்டில் அது 10 சதவீதமானது. 2024 நவம்பரில் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் தொகையை மறுபடி கணக்கிடச் சொன்னது. தொகை ஏறி இறங்கியதே தவிர, குறைபாடு இருந்தது என்ற முடிவு நின்றது.

இங்கேயும் அளவுகோல் அதுதான். சின்ன ஓட்டத்துக்கு என்றே விளம்பரப்படுத்தி விற்கும் வண்டி, சின்ன ஓட்டத்தில் அடைத்துக்கொண்டால், பழியை முழுக்க ஓட்டுநர் மேல் போட முடியாது. விற்கும்போதே இந்தக் கட்டுப்பாட்டைச் சொன்னார்களா என்று கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு.

இங்கே என்ன வழி இருக்கிறது?

வணிகத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கியிருந்தால் அவர் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இது பொருந்தாது.

புகாரைத் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்குக்குக் காரணமான பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

ஒரு மாடல் முழுவதிலும் குறை இருந்தால்? அதற்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி வண்டிகளைத் திரும்பப் பெற அரசே உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் அமலில் உள்ளன. 7 ஆண்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்குப் பொருந்தும். போதுமான எண்ணிக்கையில் உரிமையாளர்கள் புகார் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. டீக்கடையில் புலம்பினால் அது கணக்கில் வராது, எழுத்தில் பதிந்தால்தான் வரும்.

ஓட்டுநர்கள் இப்போது என்ன செய்யலாம்?

* வாரம் ஒரு முறையாவது லோடோடு நாட்றம்பள்ளி – ஆம்பூர் போன்ற ஹைவே ஓட்டம் கிடைக்கிறதா பாருங்கள். 20 நிமிடம் நிற்காமல் ஓடினாலே கரி எரிய வாய்ப்பு உண்டு.
* எரிப்பு நடப்பதாக லைட் காட்டினால் இன்ஜினை அணைக்காதீர்கள். கேட்டில் காத்திருக்கும்போது சும்மா ஓடவிடாதீர்கள்.
* கையேட்டில் சொன்ன ஆயில் மட்டும் ஊற்றுங்கள். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறுகிறதா என்று பாருங்கள்.
* ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள். லைட் எரிந்த தேதி, கிலோமீட்டர், நீங்கள் சொன்ன புகார் மூன்றும் அதில் இருக்க வேண்டும். எரியும் லைட்டை போனில் படம் எடுத்து வையுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் ரூட்டைக் கணக்குப் போடுவது நல்லது. ஒரு நாளில் நீளமான ஓட்டம் எத்தனை, ஐந்து கிலோமீட்டர் நடை எத்தனை? பெரும்பாலும் ஊருக்குள்தான் என்றால், 'குட்டி யானை' எனப்படும் டாடா ஏஸிலேயே பெட்ரோல், சிஎன்ஜி, மின்சார வகைகள் இருக்கின்றன. மாருதி 2020இல் டீசலையே கைவிட்டது; அதன் சூப்பர் கேரி இப்போது பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும்தான் வருகிறது. ஒன்றரை டன் லோடோடு ஹைவேதான் பிழைப்பு என்றால் டீசல் இன்றும் சரியான தேர்வே. ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போதே, 'என் ரூட் இது, டிபிஎஃப் அடைத்தால் வாரன்டியில் செய்வீங்களா?' என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.