இறங்காமல் போகும் உரிமை

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியது ஒரு வரைபடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் மிதிக்கிற எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஓர் இளைஞர் கோலலங்காட் மாவட்டத்துப் பாதைகளையெல்லாம் வரைந்து அனுப்பியிருந்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. எந்தக் கடை விடியும் முன்பே திறக்கும், எந்தக் கம்பத்தில் நாய் விரட்டும், எந்தப் பாலத்தில் லோரி நெருக்கும் என்று எல்லாமே குறித்திருந்தார். பந்திங்கைத் தாண்டித் தோட்டங்களுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் நீளமாக ஒரு கோட்டை இழுத்து, "இங்கே ஒன்றும் இல்லை, செம்பனைதான். வேகமாகக் கடக்கவும்" என்று எழுதிவிட்டார். நேரில் பார்த்தபோது கேட்டேன். "உண்மையிலயே ஒன்னும் இல்ல அங்கிள். ரெண்டு பக்கமும் மரம், நேர் ரோடு. படம் எடுக்கக்கூட ஒன்னும் இல்ல" என்றார். நல்ல பிள்ளை. அவருடைய தாத்தா இதே மாவட்டத்தில் பால்மரம் சீவியவர் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் யாருமே சொல்லித் தரவில்லையே என்றுதான் எனக்குக் கோபம்.

பாதைகளைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் தெற்கே இறங்கினால் தெலோக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங். அங்கிருந்து காஞ்சோங் டாராட் வழியாக மோரிப். பூப்பந்து தெரிந்தவர்களுக்கு காஞ்சோங் என்றால் சீடேக் சகோதரர்களின் ஊர். மோரிப்பில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். இன்னும் கால் வலு இருந்தால் பத்து லாவுட், தஞ்சோங் சிப்பாட் வரை போய் சூடான பாவ் சாப்பிட்டுத் திரும்பலாம். மேடு வேண்டுமென்றால் இந்தச் சமவெளிக்கு ஜுக்ரா குன்று ஒன்றுதான். சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறை அந்தக் குன்றில் இருக்கிறது. அருகிலேயே 1905இல் எழும்பிய இஸ்தானா பண்டார். சமவெளியில் மிதித்துப் பழகியவர்களுக்கு அந்த ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். மேலே போனால் லங்காட் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போவது தெரியும். மேற்கே பாலம் தாண்டினால் கேரித் தீவு; மா மெரி மக்களின் கிராமங்கள், அவர்கள் மரத்தில் செதுக்கும் முகமூடிகள், சுற்றிலும் முடிவில்லாத செம்பனை.

வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையிலேயே மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து சுமத்ராக் காற்று கறுத்துக்கொண்டு வந்து இறங்கும். அப்போது திறந்த சாலையில் நிற்காதீர்கள். சாலையோரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம்கூட இடம் விடாமல் தார் போடுகிறார்களே, அதைப் பற்றியும் மண் லோரிகளைப் பற்றியும் நான் எழுதியது உங்களில் பலருக்கு மனப்பாடமாகியிருக்கும். அந்தப் பாட்டை இன்று பாடப்போவதில்லை.

நிலம் ஏன் இப்படித் தட்டையாக இருக்கிறது, சாலை ஏன் இவ்வளவு நேராக ஓடுகிறது என்று அந்த இளைஞர் கேட்டிருந்தால் வரைபடமே மாறியிருக்கும். இது கடல் சேறும் கரிச்சேறும் படிந்த பூமி. வடிகால் வெட்டாமல் இங்கே ஒரு மரம் நடமுடியாது. கேரித் தீவில் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கக் கரை கட்டி, மதகு வைத்துத்தான் இன்றைக்கும் விவசாயம் நடக்கிறது. வாய்க்கால் நேராக வெட்டப்பட்டது; அதன் கரையில் போட்ட சாலையும் நேராகப் போகிறது. கரிச்சேறு வற்ற வற்ற நிலம் அமிழ்கிறது. தார்ச்சாலை அலை அலையாக நெளிந்து சைக்கிள் கைப்பிடியைக் குலுக்குவது அதனால்தான். சதுப்பைத் தோட்டமாக்கிய கைகளில் சீனர் கை உண்டு, ஜாவாக்காரர் கை உண்டு, சேலம், திருச்சி, தஞ்சைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர் கையும் உண்டு. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. "ஒன்றும் இல்லை" என்று அவர் குறித்த இடம் முழுக்க மனிதர் செய்தது.

அந்த மனிதர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒரு வழக்கு இருந்தது.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்து, சிலாங்கூரின் மற்ற தோட்டங்களுக்கும் பரவியது. நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். முன்னால் நின்றவர் ஆர். எச். நாதன். தமிழ் நேசனில் வேலை பார்த்த பத்திரிகைக்காரர். நம் பத்திரிகை உலகம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள வேண்டிய பெயர் அது; எந்தப் பாராட்டு மேடையிலும் நான் அதைக் கேட்டதில்லை. யுத்தத்தால் ரப்பர் விலை ஏறியிருந்த நேரம். தமிழருக்கு நாள் கூலி 50 காசு அளவில் நின்றது. பக்கத்திலேயே அதே மரத்தைச் சீவிய சீனருக்கு அதைவிடக் கூடுதல். சம கூலி வேண்டும் என்று தொடங்கிய கோரிக்கைகள் வளர்ந்து பன்னிரண்டாயின. வரலாற்றாசிரியர் மைக்கல் ஸ்டென்சன் அவற்றைத் தம் நூலில் வரிசைப்படுத்தியிருக்கிறார். கொடுமைக்காரக் கிராணிகளை நீக்கித் தமிழ் பேசுகிறவர்களை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவினர்கள் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும்.

இவற்றுக்கு நடுவில் ஒன்று: வெள்ளைத் துரையும் கிராணியும் எதிரே இருக்கும்போது தொழிலாளி சைக்கிளில் ஏறிப்போக அனுமதி வேண்டும்.

முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். வயிற்றுக்குக் கேட்டார்கள், பிள்ளையின் படிப்புக்குக் கேட்டார்கள், பெண்ணின் மானத்துக்குக் கேட்டார்கள். அதே வரிசையில், அதே கனத்தோடு, சைக்கிளைவிட்டு இறங்காமல் போவதற்கும் கேட்டார்கள். நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்குகிறார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பின்னால் மனைவி, முன்பாரில் துண்டு விரித்து அதில் பிள்ளை. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். செம்மண் சாலையில் எதிரே துரையின் தொப்பி தெரிகிறது. மனைவி இறங்க வேண்டும், பிள்ளையை இறக்க வேண்டும், சைக்கிளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு அவர் கடந்துபோகும் வரை நிற்க வேண்டும். அந்தப் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கூலி ஐந்து காசு ஏறினால் அந்த முகம் சரியாகிவிடாது. இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் எழுதி வைத்தார்கள்.

சைக்கிள் அன்றைக்கு வெறும் வண்டி இல்லை. தொலைபேசி துரையின் பங்களாவில் இருந்தது. பெரட்டுக் களம், லயம், பால் ஸ்டோர், ஆயக்கொட்டகை, கள்ளுக்கடை என்று ஒரு மனிதனின் உலகமே தோட்ட எல்லைக்குள் முடிந்தது. அந்த எல்லையைத் தன் காலால் மிதித்துத் தாண்ட உதவிய ஒரே பொருள் சைக்கிள். உறவினர் உள்ளே வரவும், நாம் வெளியே போகவும், சங்கத்துச் செய்தி பக்கத்துத் தோட்டத்தை எட்டவும் அது வேண்டும். யார் எங்கே எப்படிப் போகலாம் என்பதைத் தன் கையில் வைத்திருக்க விரும்புகிறவன் சைக்கிளைத்தான் முதலில் நிறுத்துவான். தமிழ்நாட்டில் மேல்சாதித் தெருவுக்குள் தலித்துகள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று வைத்திருந்த ஊர்கள் உண்டு. கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே துரை போட்ட சட்டம் அதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கமும் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது எவ்வளவு ஏச்சு, எவ்வளவு கேலி! ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியது இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

1941க்குத் திரும்புகிறேன். மே 5ஆம் தேதி நாதனைப் பிடித்தார்கள். அவரை விடச் சொல்லித் தொழிலாளர்கள் தோட்டம் தோட்டமாக வேலையை நிறுத்தினார்கள். மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ராணுவம் வந்தது. அதிலும் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மாத முடிவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

ஏழு மாதம்கூடப் போகவில்லை. டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அவர்களுடைய காலாட்படையில் பெரும் பகுதி தெற்கே வந்தது சைக்கிளில்! டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தோடு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் அவர்கள் கையில். யாருக்காக நம்மவர் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றார்களோ அந்தத் துரைமார் அதற்குள் தோட்டங்களை விட்டுப் போய்விட்டார்கள். அதனால் நமக்கு விடிவு வந்துவிடவில்லை. சயாம் மரண ரயில்பாதைக்கு இதே லயங்களிலிருந்துதான் ஆள் பிடித்தார்கள். யுத்தத்துக்குப் பிந்திய அவசரகாலத்தில் இந்த ஆற்றங்கரை மக்கள் பட்ட பாட்டை அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' நாவலில் எழுதி வைத்திருக்கிறார். ஜுக்ரா ஏறும் முன் அதை வாசித்துவிட்டு வாருங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறையும் சொல்கிறேன். ஆற்றைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

மோரிப் கடற்கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படைகள் அங்கே கரையிறங்கியதற்கு. வண்டிகள் சேற்றில் புதைந்து திண்டாடிய இறக்கம் அது. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்துவிட்டிருந்தது. அதற்குக் கல் இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை, அந்தப் படையிலும் நம்மவர் இருந்தார்கள். ஆனால் கிள்ளானிலிருந்து தஞ்சோங் சிப்பாட் வரை நான் மிதித்த சாலைகளில் 1941க்கு ஒரு பலகையைக்கூடப் பார்த்ததில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. விடியற்காலையில் நாங்கள் விளக்கு, தலைக்கவசம், பளபளக்கிற சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போகும்போது எதிரே சிலர் வருவார்கள். வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர். துருப்பிடித்த சைக்கிள், விளக்கு கிடையாது, பின்னால் ஒரு பிரதிபலிப்பான்கூட இருக்காது. கைப்பிடியில் பாசார் பை தொங்கும். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள், அல்லது வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் கூட்டத்தைக் கண்டதும் ஓரங்கட்டி, சில பேர் இறங்கியே நின்றுவிடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அப்படி இறங்கி நின்றார். ஒரு காலை வாய்க்கால் பக்கத்துப் புல்லில் ஊன்றி, சைக்கிளைத் தன் உடம்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் போய் முடிக்கும் வரை நின்றார். குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தச் சாலையில் இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

குழுவில் இதைச் சொல்லிவிட்டேன். இனி ஒற்றை வரிசையில் போவோம், அவர்கள் வந்தால் நாம் ஒதுங்குவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பழைய பின்விளக்குகளைச் சேர்த்து, பந்திங்கில் அவர்கள் கூடுகிற கடைப் பக்கம் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறோம். வீட்டில் சும்மா கிடக்கும் விளக்கு, மணி, பிரதிபலிப்பான் இருந்தால் அனுப்புங்கள்.

வரைபடத்தைத் திருத்த அந்த இளைஞர் சம்மதித்துவிட்டார். அதற்கு உங்கள் உதவி வேண்டும். 1941இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கிள்ளான், பந்திங், மோரிப், கேரித் தீவுப் பக்கத்தில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: எந்தத் தோட்டம், லயம் எங்கே இருந்தது, பெரட்டுக் களம் எங்கே, கோயில் எங்கே, எந்தச் சாலையில் சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, தோட்டத்தின் பெயரோடு இந்தப் பத்திக்கு அனுப்புங்கள்.