விதிக்கு வெளியே நகரும் வேலை

2025 ஜனவரி 21 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் இட்ட ஒரு கையெழுத்தில், ஏறத்தாழ 60 ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த ஓர் ஆணை இல்லாமற்போனது. 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் பிறப்பித்த ஆணை அது. அரசிடம் ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் இனம், நிறம், மதம் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது என்றும், அதுவரை விலக்கி வைக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ள முனைப்பான முயற்சி எடுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. இதே காலத்தை ஒட்டி வால்மார்ட், மெட்டா போன்ற பெருநிறுவனங்களும் பணியிடப் பன்மைத்துவத் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. காஸ்ட்கோ நிறுவனத்தின் திட்டங்களுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தை அதன் பங்குதாரர்கள் 98 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளால் தோற்கடித்தனர். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் ஐயமில்லை.

இச்செய்தியை நம்மவர்கள் இரு விதமாக வாசிக்கிறார்கள். அமெரிக்காவே கைவிட்டுவிட்டதே, இனியும் நமக்கு எதற்கு என்பது ஒரு சாரார் பேச்சு. இங்கே 69 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டமாக இருக்கிறது, அதை யாராலும் அசைக்க முடியாது என்பது மறுசாரார் நிம்மதி. எனக்குக் கவலை தருவது இந்த நிம்மதிதான். ஒரு சட்டத்தைத் தொடாமலேயே அதை வெறும் கூடாக்கிவிட முடியும். அது எப்படி என்பதற்குக் காவிரிப் படுகையிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு.

1952-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சீர்காழி அப்போது தஞ்சை மாவட்டத்தின் ஒரு வட்டம். ஒரே ஊரில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6.67 ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருந்தோரைச் சட்டம் கட்டுப்படுத்தியது. தக்க காரணமின்றிப் பண்ணையாளை வெளியேற்ற முடியாது. கூலிக்கு ஓர் அளவு உண்டு. தகராறு வந்தால் விசாரிக்க அலுவலர் உண்டு. பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு, அந்த வேலையில் முதன்முறையாக உரிமை என்று ஒன்று கிடைத்தது.

மிராசுதாரர்களில் பலர் சட்டத்தை எதிர்த்துப் பேசினர். ஆனால் அதைவிடப் பயன்தந்த வேறொரு வழியையும் கண்டனர். பண்ணையாள் என்று யாரையும் வைத்துக்கொள்ளாமல் அன்றாடக் கூலிக்கு ஆள் அமர்த்தத் தொடங்கினர். நிலம் அதே நிலம். நாற்றுப் பறித்தவரும் நட்டவரும் அறுத்தவரும் அதே தெருவினர். மாறியது வேலையின் பெயர் மட்டுமே. பெயர் மாறியதும் பாதுகாப்பு அகன்றது. கட்டுண்ட நிலையிலிருந்து கூலித்தொழிலாளர் விடுபட்டது ஒரு விடுதலை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டம் தருவதாகச் சொன்ன பணிப் பாதுகாப்பு அவர்களை அடையவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட பிறகே, 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அரசுப் பணியில் கதை வேறு விதமாகச் சென்றது. 1912-இல் சென்னை மாகாணத்தின் மாவட்ட முனிசீப் பதவிகளில் ஏறத்தாழ 73 விழுக்காட்டிலும், துணை ஆட்சியர் பதவிகளில் 55 விழுக்காட்டிலும் இருந்தவர்கள் பிராமணர்கள்; மக்கள்தொகையில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. விதிவிலக்குகள் முன்பும் இருந்தன. கிறித்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சீர்காழியிலும் மாயூரத்திலும் முனிசீப்பாக இருந்தவர். ஒரு வேதநாயகர் வந்ததால் கணக்கு மாறிவிடவில்லை. கணக்கை மாற்றியது 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்து, சுப்பராயன் அமைச்சரவையில் எஸ்.முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்த வகுப்புவாரி ஆணை. 12 பணியிடங்கள் நிரப்பப்பட்டால் அவை எந்தெந்த வகுப்பாருக்கு எத்தனை என்று அது எண்ணிக்கையில் சொன்னது. நல்லெண்ணம் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. பதிவேட்டில் வரிசை எண் போட்டது. இன்றைய இனச்சுழற்சி முறைக்கு அதுவே வேர்.

அதற்கும் எதிர்ப்பு ஓயவில்லை. தகுதி கெட்டுவிடும் என்று அன்று வைக்கப்பட்ட வாதம், சொல் மாறாமல் இன்றும் நாளேடுகளில் வருகிறது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் அந்த ஆணை செல்லாது என்றது. ஜூன் மாதத்துக்குள் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தமே வந்தது. 1979-இல் எம்.ஜி.ஆர். ஆண்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு விதித்தார். 1980 மக்களவைத் தேர்தலில் அவரது கட்சி படுதோல்வி கண்டதும் வரம்பு நீங்கியது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31-இலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. 1992-இல் உச்ச நீதிமன்றம் 50 விழுக்காடு என்று எல்லை வகுத்தபோது, 1994-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

ஜான்சனின் ஆணை ஒரு கையெழுத்தில் போனதற்கும் நம்முடையது நிலைத்ததற்கும் காரணம் இதில் தெரிகிறது. பயனடைவோர் இங்கே பெரும்பான்மையினர்; அவர்கள் கையில் வாக்கு இருந்தது. இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை வலிமை இல்லாதவர்களுக்கு இதே அமைப்பு மெதுவாகத்தான் திறந்தது. பட்டியல் சாதியினருக்குள்ளேயே பின்தங்கிய அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது 2024 ஆகஸ்டில். திருநங்கையான பிரித்திகா யாஷினி நீதிமன்றப் படியேறிய பிறகே காவல் உதவி ஆய்வாளரானார்.

இப்போது மறுபடியும் 1952-க்கு வருவோம். இனச்சுழற்சி பொருந்துவது அரசு தானே நியமிக்கும் பணியிடங்களுக்கு. அந்தப் பணியிடம் காலியாகும்போது நிரப்பாமல் விட்டு, அதே வேலையை வெளிமுகமை எனப்படும் அவுட்சோர்சிங் வழியாக ஓர் ஒப்பந்ததாரரிடம் கொடுத்தால், விதி மீறப்படுவதில்லை. விதி தேவைப்படும் இடமே இல்லாமற்போகிறது. அலுவலகத் தூய்மை, காவல், கணினித் தட்டச்சு, ஓட்டுநர் எனக் கடைநிலைப் பணிகள் ஒவ்வொன்றாக இப்படிப் போகின்றன. ஒரு குடும்பத்தின் முதல் அரசுப் பணியாளர் நுழையும் வாசல் பெரும்பாலும் இந்தக் கடைநிலைப் பணிதான். மேல்தளத்தில் 69 விழுக்காடு பத்திரமாக இருக்க, கீழ்ப்படிக்கட்டு கழற்றப்படுகிறது.

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அரசாணை 115-இன் வழியே ஒரு மனிதவளச் சீர்திருத்தக் குழுவை அமைத்தபோது, அதன் ஆய்வு வரம்பில் வெளிமுகமையும் இருந்தது. ஊழியர் சங்கங்கள் கொதித்தெழ, ஆய்வு வரம்புகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. ஆயினும் 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணி தனியாருக்குச் சென்றது. பெண்கள் பெருமளவில் அடங்கிய தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள்கள் அமர்ந்திருந்தார்கள்; நள்ளிரவில் அகற்றப்பட்டார்கள். மாநகராட்சியின் கீழேயே தொடர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் முதன்மையானது. அதை வெறும் சம்பளத் தகராறாகப் பார்த்தவர்கள் அதன் பாதியைத்தான் பார்த்தார்கள்.

தனியார் துறையிலும் பொறுப்பு இதே வழியில்தான் நழுவுகிறது. நாட்டின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் கைப்பேசிப் பிரிவில் மணமான பெண்கள் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியில், வடிகட்டும் வேலை ஆள் எடுக்கும் முகவர்களிடம் நடந்ததாகச் சொல்லப்பட்டது. நிறுவனம் மறுத்தது. முகவர் செய்ததற்கு நிறுவனம் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி மட்டும் மறையவில்லை.

சாதியும் இப்படித்தான் வடிகட்டப்படுகிறது. 2007-இல் சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெலும் வெளியிட்ட ஆய்வில், ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இசுலாமியப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழர் பெயரில் சாதி ஒட்டு இல்லை என்று நாம் தேற்றிக்கொள்ளலாம். அதனால்தான் இங்கே நேர்காணலில் 'சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு' என்று கேட்கிறார்கள்.

முதலாளிகளின் தரப்பிலும் நியாயம் உண்டு. 2017 திருத்தத்தின்படி 26 வார மகப்பேறு விடுப்பின் ஊதியச் சுமை பெரிதும் வேலை கொடுப்பவர் தலையிலேயே விழுகிறது. சிறு நிறுவனம் பெண்களை எடுக்கத் தயங்குவதற்கு இது உண்மையான காரணம். அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்காமல் உபதேசம் மட்டும் செய்வது பொருளியல் ஆகாது.

விதியைப் பணியிடத்தின் பெயரோடு கட்டாமல் வேலையோடு கட்டுவதே இதற்கு வழி. பொதுப்பணத்தில் நடக்கும் எந்த வேலைக்கும், அதை யார் செய்வித்தாலும், இனச்சுழற்சியும் மகளிர், மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீடும் ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளாக வேண்டும். 1965-இல் ஜான்சன் செய்ததும் ஏறத்தாழ இதுவே: அரசின் பணம் வேண்டுமா, அரசின் விதிக்கு உட்படு என்றார். அவர் அதை ஆணையாக விட்டார், நாம் சட்டமாக்கலாம். கர்நாடகம் 2024-இல் அரசின் வெளிமுகமைப் பணிகளுக்கு இடஒதுக்கீட்டை நீட்டித்திருக்கிறது. சமூகநீதியின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாடு பின்தங்கி நிற்பது விந்தை.

தொடங்க வேண்டிய இடத்துக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் டெல்டா முழுவதும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இயங்குகின்றன. பட்டியல் எழுத்தரும் உதவுபவரும் பருவகாலப் பணியாளர்கள். சுமை தூக்குவோருக்கு மூட்டைக் கணக்கில் கூலி. எழுதுகோல் யார் கையில், மூட்டை யார் தோளில் என்ற விவரத்தை ஒவ்வொரு நிலையத்துக்கும் கழகம் ஆண்டுதோறும் வெளியிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வரும் குறுவைக் கொள்முதலிலேயே செய்துவிட முடியும்.