தீர்ப்பு இருக்கிறது, கட்டு எங்கே?

பாட்டனாருக்கு முந்திய தலைமுறையைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட நம்மில் பலராலும் முடிவதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கும். மற்றவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பிறப்பு, இறப்பைப் பதிவதற்கான சென்னை மாகாணச் சட்டமே 1899-ல்தான் வந்தது. நிலப் பதிவேடு பட்டாதாரர் பெயரோடு நின்றுவிடும். ஆனால் அந்தக் குடும்பத்தின் பங்காளிகள் எப்போதாவது கோர்ட் படியேறியிருந்தால் கதை வேறு. மூன்று நான்கு தலைமுறை ஒரே கேஸ் கட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

பாகப்பிரிவினை வழக்கு என்றால் பங்குக்கு உரியவர் ஒருவரைக்கூட விட்டுவிடக் கூடாது. விட்டால் வழக்கு நிற்காது. அதனால் பிராதோடு வம்சாவளியும் சேரும். மூத்த தாரத்து மகன், இளைய தாரத்து மகன், தத்து வந்தவர், ஊரைவிட்டுப் போய்த் தகவல் இல்லாதவர் என எல்லோரும் அதில் இருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் எழுதிவைத்த வம்சாவளிகளில் பெரும்பாலும் ஆண் வாரிசுகள் மட்டுமே. கோர்ட் வம்சாவளியில் பெண்களும் வருகிறார்கள். ஜீவனாம்சம் கேட்ட விதவை வருகிறாள். சீதன நிலத்தைத் திரும்பக் கேட்ட மகள் வருகிறாள். விதவைகளின் சொத்துரிமைக்கு 1937-ல் சட்டம் வந்தது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் பிறந்த வீட்டு வழக்குகளில் மகள்களின் பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிவகங்கை வழக்கைப் பாருங்கள். ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-ல் இறந்தார். அவருக்கு ஏழு மனைவியர். மூவர் அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லை. ஜமீன் அண்ணன் மகன் வசம் போனது. அது கூட்டுக் குடும்பச் சொத்தா, அவர் தாமே அடைந்த சொத்தா என்பதுதான் கேள்வி. விதவைகள், மகள்கள், பேரன்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வழக்காடி, 1863-ல் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்கு ஜமீனைக் கொடுத்தது. சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பின் சட்டக் கருத்தைப் படிக்கிறார்கள். குடும்ப வரலாறு தேடுபவர் நிற்க வேண்டிய இடம் அதற்கு முன்பே இருக்கிறது: எந்த மனைவிக்கு யார் பிறந்தார், யார் எப்போது இறந்தார் என்று நீதிபதிகள் பொறுமையாக வரிசைப்படுத்தும் பத்திகளில்.

தீர்ப்பிலேயே இவ்வளவு இருக்கிறதென்றால் கட்டுக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கும். சாட்சியின் வாக்குமூலம் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, தொழில், ஊர் என்று தொடங்கும். அந்த முதல் வரி மட்டும் ஆயிரம் கட்டுகளிலிருந்து கிடைத்தால் ஒரு தாலுகாவின் நூறாண்டு சமூகப் படத்தை வரைந்துவிடலாம். அடுத்து சான்றாவணங்கள்: வயதுக்கு ஜாதகம், உறவுக்குக் கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கடனுக்குப் புரோநோட்டு. 1872-ன் சாட்சியச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. உறவை அறியும் வாய்ப்பு பெற்றிருந்த ஒருவர், தகராறு கிளம்புவதற்கு முன் சொல்லிவிட்டு இறந்திருந்தால், அந்தச் சொல்லையும் ஏற்கலாம் என்றது. உறவினர்கள் ஒருவரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சான்றாகக் கொண்டது. கொள்ளி வைத்தது யார், கருமாதிச் செலவு செய்தது யார் என்று வக்கீல்கள் கேட்டதற்குக் காரணம் இதுதான். வேறு எந்த அரசு ஆவணமும் இப்படிக் கேட்டதில்லை.

கோர்ட்டில் பொய் சொல்ல மாட்டார்களா என்று கேட்கலாம். சொல்வார்கள், தாராளமாகவே சொல்வார்கள். வம்சாவளியில் இல்லாத தத்துப்பிள்ளை முளைப்பான். இருக்கும் மனைவி வைப்பாகிவிடுவாள். ஆகவே சண்டை நடக்கும் இடத்தில் சாட்சியை நம்பக் கூடாது. இரு தரப்பும் மறுக்காமல் விட்டதில்தான் கண் வைக்க வேண்டும். எல்லைத் தகராறில் வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதில் சாட்சிகள் முரண்படலாம். ஆனால் அந்த வாய்க்காலை எந்தக் கண்மாய் நிரப்பியது, மடையைத் திறந்தது யார், அந்த வருஷம் என்ன பயிர் என்பதில் பொய் சொல்ல யாருக்கும் தேவையில்லை. ஊர் வரலாறு இந்த உதிரிகளில்தான் கிடக்கிறது.

கமுதி வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1897-ல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததை எதிர்த்து ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி தரப்பு வழக்குப் போட்டது. 1899-ல் மதுரை சப் கோர்ட், 1901-ல் ஐகோர்ட், 1908-ல் பிரிவி கவுன்சில். மூன்றிலும் நாடார்கள் தோற்றார்கள். இன்று அந்தத் தீர்ப்பைப் படித்தால் நெஞ்சு கொதிக்கும். ஆனால் வழக்கு மரபைப் பற்றியது என்பதால், கோயிலில் யார் எதுவரை போனார்கள் என்பதைச் சாட்சிகளின் வாயால் கேட்டாக வேண்டியிருந்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் நாடார்களின் வரலாற்றை எழுதியபோதும், பமேலா பிரைஸ் 1996-ல் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களைப் பற்றி எழுதியபோதும் வழக்குப் பதிவுகள் பெரிதும் பயன்பட்டன.

இவை ஏன் கிடைத்தன? லண்டனுக்கு மேல்முறையீடு போன வழக்கில் கீழ்க்கோர்ட் சாட்சியத்தை மொழிபெயர்த்து அச்சிட்டு அனுப்ப வேண்டும். அச்சான படிகள் லண்டன் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அதாவது, லண்டன் வரை போகக் காசிருந்தவர்களின் சாட்சியம் பிழைத்தது. முன்சீப் கோர்ட்டோடு முடிந்துபோன அரைக் காணி வழக்குக்கு அந்த வாய்ப்பில்லை. நம்மில் மிகப் பெரும்பாலோரின் முன்னோர்கள் அந்த அரைக் காணிக்காரர்கள்.

அவர்களுடைய கட்டுகளுக்கு 1917-ன் ஆவண அழிப்புச் சட்டம் காத்திருக்கிறது. எதை எவ்வளவு காலம் வைத்து எதை அழிக்கலாம் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை அது உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. பதிவறையில் இடநெருக்கடி உண்மைதான். எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் சட்டத்துக்குத் தேவை எது என்று பார்த்துச் செய்த தேர்வில் தீர்ப்புக்கும் டிக்ரிக்கும்தான் முதலிடம் கிடைக்கும். வாக்குமூலமும் சான்றாவணமும் பின்னுக்குப் போகும். வரலாற்றுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பழைய பதிவுகளைக் காப்பாற்றிப் பயன்படுத்தியதற்கு முன்மாதிரிகளும் உண்டு. புதுச்சேரியில் 1766 முதல் 1817 வரையிலான சாவடி நீதிமன்றத் தீர்ப்புகளை ழான் கிளோத் போனான் தொகுக்க, அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நூலாக்கியது. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான விசாரணை அறிக்கைகளை, பெயரைத் தட்டினால் இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். தங்கள் முப்பாட்டன் அங்கே திருடனாகவோ சாட்சியாகவோ நின்றதைத் தேடிக் கண்டவர்கள் ஏராளம்.

நாம் செய்ய வேண்டியது அவ்வளவு பெரிதில்லை. அழிப்புப் பட்டியலில் சேர்ந்த 75 ஆண்டு கடந்த சிவில் கட்டுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ஓர் அலுவலரும் அந்த மாவட்டத்து வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். வம்சாவளி உள்ளவை, கோயில், கண்மாய், பாதை உரிமை பற்றியவை காப்பகத்துக்குப் போகட்டும். மற்றவற்றில் பத்துக்கு ஒன்றை மாதிரிக்கு எடுக்கலாம். மீதியை அழிப்பதானாலும் வழக்கு எண், ஊர், வாதி பிரதிவாதி பெயர்கள், சாட்சிகள் பெயர்கள் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் ஏற்றிவிட்டு அழிக்கட்டும். வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால் காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும் என்ற நடைமுறை, புதிய வழக்குகளுக்கு நியாயமானது. உயிரோடிருப்பவர்களின் மானம் அதில் இருக்கிறது. 1920-ன் வரப்புத் தகராறுக்கும் அதே கதவு எதற்கு?

அதுவரை காத்திராமல் வாசகர்கள் தொடங்கலாம். வீட்டிலுள்ள பழைய கிரயப் பத்திரத்தில் சொத்து வந்த வழியைச் சொல்லும் பத்தியைப் படியுங்கள். இன்ன வருஷத்து, இன்ன ஊர் ஜில்லா முன்சீப் கோர்ட், ஓ.எஸ். இத்தனையாம் நம்பர் டிக்ரிப்படி என்று ஒரு வரி இருந்தால் அந்த எண்ணையும் வருஷத்தையும் குறித்துக்கொண்டு நகல் மனுப் போடுங்கள். டிக்ரியோடு நிற்காமல், பிராதும் வாக்குமூலங்களும் இருக்கின்றனவா என்று சேர்த்துக் கேளுங்கள்.