கொலையுதிர் காலமும் ஏழு டீயும்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கையில் சிக்கியது. இரண்டே நாளில் மறுபடி படித்து முடித்தேன். அன்றைக்கு வந்த அதே ரெண்டுங்கெட்டான் மனசுதான் இன்றைக்கும். (படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளவும், முடிச்சை அவிழ்க்கப் போகிறேன்.)

80-களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தது. அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ராத்திரி வேலை முடித்து சைக்கிளில் முதலிபாளையம் திரும்பும்போது ரோட்டோரப் பனைமரம் எல்லாம் வெள்ளைச் சேலை கட்டி நிற்கிற மாதிரியே இருக்கும்!

எங்கள் கட்டிங் மாஸ்டர் வசந்த் கட்சி. "அது பேய்தானுங்க தம்பி, பாத்துட்டே இருங்க" என்பார். நான் கணேஷ் கட்சி. "விஞ்ஞானமாத்தானுங்கண்ணா இருக்கோணும்" என்பேன். ஒரு வாரத்து டீ பந்தயம். ஹோலோகிராம் என்று வந்ததும் நான் ஜெயித்துவிட்டேன். ஏழு நாளும் அவர்தான் காசு கொடுத்தார்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. பூட்டிய அறைக்குள் நடந்த குற்றத்தை வைத்து கஸ்தோன் லெரூ 1907-ல் 'மஞ்சள் அறை'யை எழுதினார். அந்த மாதிரிக் கதைகளில் விடை கதவிலோ, நேரத்திலோ, ஒருவர் சொன்ன பொய்யிலோ இருக்கும். முயன்றால் நாமே கண்டுபிடித்திருக்கலாம். எங்கள் தொழிலில்கூட ஊசி உடைந்தால் துணியில் கோடு விழும். கோட்டைப் பிடித்துப் போனால் எந்த மெஷின் என்று தெரிந்துவிடும். இங்கே ஹோலோகிராம் என்ற சொல்லையே கேள்விப்படாத நான் எந்தக் கோட்டைப் பிடித்துப் போவது?

பிற்பாடு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். டென்னிஸ் கேபர் 1947-ல் கண்டுபிடித்தது. 1971-ல் நோபல் பரிசு. 1960-ல் லேசர் வந்த பிறகுதான் அது உருப்படியானது. பிம்பம் ஃபிலிமிலோ கண்ணாடித் தகட்டிலோ பதிவாகும். அந்தத் தகட்டை நோக்கிப் பார்த்தால்தான் உருவம் தெரியும். திறந்த வெளியில் ஒரு பெண்ணை நடமாடவிட அன்றைய ஹோலோகிராமால் முடியாது. பெல் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்த சுஜாதாவுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அதனால்தானோ என்னவோ, அவரும் கதவை முழுசாகச் சாத்தவில்லை. கடைசியில் வசந்துக்கும் கொஞ்சம் இடம் வைத்துத்தான் முடிக்கிறார். அன்றைக்கு அதை நழுவல் என்று நினைத்தேன். இப்போது படிக்கும்போது அதுதான் நேர்மையாகப் படுகிறது. விடை எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஆனால் அந்த பயம் மட்டும் நிஜம். இந்த வயதிலும் ராத்திரி எழுந்து ஒருதரம் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் பந்தயம் சமன். பாதி டீக்காசு நான் தந்திருக்க வேண்டும். மாஸ்டர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

நீங்கள் அந்தக் காலத்தில் எந்தக் கட்சி?