மண்ணுக்குரிய கடன்

தஞ்சைத் தரணியில் விளையும் நெல் களத்தில் தங்குவதில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டையாகி வெளி மாவட்டங்களுக்குச் செல்கிறது. அந்நெல்லோடு மண்ணின் சத்தும் சேர்ந்தே போகிறது. குறுவை, சம்பா, தாளடி என எடுத்துக்கொண்டே இருக்கும் நாம் மண்ணுக்குத் திருப்பித் தருவது யாது? இலக்கணம் கற்பித்தவனுக்கு உரக்கணக்கு எதற்கு என்பீர்கள். சோறு உண்பவர் எவரும் இதனைக் கேட்கலாம், மாணவர்களே!

முன்னாளில் புதுவெள்ளம் வண்டலைக் கொணர்ந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்றபின் வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே படிகிறது. அறுவடை முடிந்த வயல்களில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை அமர்த்துவர். கொழுஞ்சியும் சணப்பையும் மடக்கி உழப்படும். இவை இன்றும் உள, ஆயினும் போதா. குறையை யூரியாவும் டி.ஏ.பி.யும் நிரப்புகின்றன. மணிச்சத்துக்குரிய பாஸ்பேட் பாறையோ மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது.

அரிசியாய் நகரம் புகுந்த சத்து என்னாயிற்று? உண்டவர் உடலில் தங்கியது சிறிதே. எஞ்சியது கழிவாய் வெளியேறுகிறது. ஒருவர் ஓராண்டில் கழிக்கும் சிறுநீரில் மட்டும் 2 முதல் 4 கிலோ வரை தழைச்சத்து உண்டு என்பர். 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிங் பிராண்ட் என்பவர் பொன் செய்யும் ஆசையால் சிறுநீரைக் காய்ச்சினார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிரும் பாஸ்பரஸ் கிடைத்தது. உழவர் கணக்கில் அது பொன்னினும் குறைந்ததன்று.

இச்செல்வத்தை ஆற்றில் விட்டால் ஆகாயத்தாமரையும் பாசியும் பெருகும்; அவை அழுகுங்கால் நீரில் பிராணவாயு குன்றி மீன் மடியும். சுத்திகரிப்பு நிலையத்தின் அடியில் தங்கும் கசட்டை முறைப்படி உலர்த்தி மட்கச் செய்தாலோ அது எருவாகும். கசட்டினின்று பிரியும் நீரில் மக்னீசிய உப்பைச் சேர்த்தால், தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடிய ‘ஸ்ட்ருவைட்’ என்னும் படிகம் கிடைக்கும்.

இஃது ஏட்டுச்சுரைக்காய் அன்று. காவிரிக்கரை முசிறியில், சாலியர் தெருவில், 2006-இல் ‘ஸ்கோப்’ என்னும் தொண்டு நிறுவனம் பொதுக் கழிப்பிடம் ஒன்றை அமைத்தது. அங்கே மலமும் சிறுநீரும் தனித்தனியே பிரியும். மலத்தொட்டியில் சாம்பல் தூவி, நிறைந்ததும் மூடிப் பல திங்கள் மட்கவிட்டனர். சிறுநீரை வாழைக்கு இட்டுச் சோதித்தனர். வியப்பு யாதெனில், அங்குச் சென்றவர் காசு கொடுக்கவில்லை, காசு பெற்றனர்! தாம் தருவது பொருளே என்பதை உணர்த்த இதனினும் எளிய வழி உண்டோ? மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியிலும், வீட்டுக் கழிவுத்தொட்டிகளின் கசட்டைத் தூய்மை செய்யும் நிலையம் 2017-இல் தொடங்கப்பெற்றது.

அருவருப்பு என்று முகஞ்சுளிப்பாரை நான் பொருட்படுத்தேன், அஞ்சத்தக்கவை வேறு. நன்கு மட்காத கசட்டில் குடற்புழுவின் முட்டைகள் நெடுநாள் உயிரோடிருக்கும். ஆலைக்கழிவு கலந்தால் ஈயமும் காட்மியமும் சோற்றுக்கே வந்துசேரும். ஆய்வுச் சீட்டு இல்லாத மூட்டையை உழவர் மறுப்பதே நன்று.

இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. நெடுங்காலம் இவ்வேலையைச் சில சாதியார் தலையில் சுமத்தி, அவர்களையே இழித்துரைத்தோம். கையால் மலம் அள்ள மனிதரை அமர்த்துவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்தன. ஆயினும் கழிவுத்தொட்டியில் இறங்கி மூச்சடைத்து இறப்போர் செய்தி நின்றபாடில்லை. எருவின் பெயரால் மீண்டும் ஒருவர் அக்குழியில் இறங்க நேருமாயின் அவ்வெரு எனக்கு வேண்டா. அதில் விளைந்த நெல்லும் வேண்டா. குழாயும் எந்திரமும் செய்யவேண்டிய வேலை அது. அதற்காகும் செலவை எருவின் விலையில் ஏற்றி உழவரிடம் பெறுதலும் முறையன்று. அரிசியை உண்ட நகரமே அதனைத் தரவேண்டும்.