நம் தலைவர்களையும் வரையட்டும்

புத்தகத் திருவிழா என்றால் நமக்குப் பழக்கமானது மாலை, பொன்னாடை, நீண்ட வரவேற்புரை, தாமதமாக வரும் பிரதம அதிதி. மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் ஜோர்ஜ் டவுன் நகரில் ஆண்டுதோறும் இலக்கியத் திருவிழா நடக்கிறது. 2016 நவம்பரில் அதற்கு வந்த ஒரு கேலிச்சித்திரக்காரருக்குக் கிடைத்தது பொன்னாடை அல்ல, பொலிஸ் காவல்.

அவர் பெயர் ஸூனார். அது அவர் சித்திரங்களில் போடும் பெயர். கெடா மாநிலத்தில் பிறந்த மலாய்க்காரர். திருவிழாவோடு சேர்த்து அவருடைய சித்திரக் கண்காட்சியும் வைத்திருந்தார்கள். நவம்பர் 25ஆம் திகதி, அன்றைய ஆளும் கட்சியின் இளைஞர் அணியைச் சேர்ந்தவர்கள் கூட்டமாக உள்ளே புகுந்து, சித்திரங்களில் கைவைத்துத் தகராறு செய்தார்கள். மறுநாள் பொலிஸ் கைது செய்தது சித்திரம் வரைந்தவரை.

அவர் செய்த குற்றம் என்ன? பிரதமராக இருந்த நஜிப் ரசாக்கையும் அவர் மனைவியையும் விடாமல் வரைந்ததுதான். அந்த அம்மாவின் விரலில் பெரிய மோதிரம் ஒன்றைப் போட்டு வரைவார். மக்கள் பணம் எங்கே போகிறது என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை அந்த ஒரு மோதிரம் சொல்லிவிடும்.

இது 2016இல் தொடங்கிய கதையும் இல்லை. 2010இலேயே அவருடைய புத்தகங்களுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் புதிய புத்தகம் ஒன்றின் வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு கைது செய்தார்கள். அச்சகங்களையும் மிரட்டினார்கள். 2015இல் டுவிட்டரில் எழுதியவற்றுக்காகத் தேசநிந்தனைச் சட்டத்தின் கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள். எல்லாம் நிரூபணமானால் 43 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் 1948இல் போட்டுவிட்டுப் போனது. (1948 என்றால் நமக்கு வேறொரு சட்டம் ஞாபகம் வரும்.) 2016 டிசம்பரில் தன் புத்தகங்களை விற்க உட்கார்ந்தபோது மறுபடி கைது, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2018இல் ஆட்சி மாறிய பிறகே வழக்கு வாபஸானது. நஜிப் 2022இல் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார்.

ஒரு பேனாவுக்கு ஓர் அரசாங்கம் ஏன் இவ்வளவு பயப்பட்டது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதாகவே விளங்கும். பிரட்டுக்களத்துப் பலகையில் ஒரு அறிவித்தல் ஒட்டினால் இரண்டு பேர் வாசிப்பார்கள், மற்றவர்கள் "என்னா போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். ஒரு படம் ஒட்டினால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் அந்தக் காலத்தில் பாட்டைக் கையில் எடுத்ததும் இதே காரணத்தால்தான். எழுத்து போகாத லயத்துக்குள் பாட்டு போனது. படமும் போகும்.

நம் நாட்டிலும் அதற்கு விலை கொடுத்தவர் உண்டு. ஊடகவியலாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, காணாமல் ஆக்கப்பட்டார். அவர் மனைவி சந்தியா நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

ஸூனாருடைய கதையில் நமக்கு இன்னும் நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் கெடா மாநில முதலமைச்சர் தைப்பூச விடுமுறையை ரத்துச் செய்தார். கொரோனாவால் ஊர்வலம் இல்லை, ஆகவே விடுமுறையும் வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். கெடாவின் தமிழர்களில் பலர் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள். அவர்கள் மனம் நொந்தார்கள். அந்த முதலமைச்சரைக் கேலி செய்து படம் போட்டவர் ஸூனார். அவர் முஸ்லிம்; தைப்பூசம் அவர் பண்டிகை அல்ல. அதற்கும் பொலிஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. முன்பு துரத்திய கட்சி போன பிறகும், அதிகாரத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் வரைவதை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கம்பனியை, துரையை, அமைச்சரைக் கிண்டல் செய்து ஒரு படம் வந்தால் நாம் கைதட்டுகிறோம், போனில் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அதே கை நம் சங்கத் தலைவரை வரைந்தால்? சந்தா பிடிக்கும் மாதம் தவறுவதில்லை, கமிட்டிக் கூட்டம் மட்டும் தவறிப்போகிறது என்று ஒரு பிள்ளை படம் போட்டால்? கூட்டு ஒப்பந்த மேசையில் நம்மவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பதாக வரைந்தால்? "சங்கத்தைக் காட்டிக்கொடுக்கிறான்" என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிடும். இது எல்லாச் சங்கத்திலும் உள்ள வியாதி. நம் சங்கத்தை விலக்கிவைத்துப் பேச எனக்கு மனமில்லை. தொழிற்சங்கப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள்: தலைவர் மாலையோடு, தலைவர் கல் நாட்டுகிறார், தலைவர் அமைச்சரைச் சந்திக்கிறார். சிரிக்க ஒரு மூலை கிடையாது.

மறுபக்கம், கொழும்புப் பத்திரிகைகள் நம்மை வரையும் விதமும் பெரும்பாலும் ஒன்றேதான். முதுகில் கூடை, ஒட்டிய வயிறு, நீட்டிய கை. சம்பளப் பிரச்சினை வந்தால் அந்த அம்மாவைக் கொண்டுவருவார்கள், முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். இரக்கத்தோடுதான் வரைகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவள் பேசுவது அபூர்வம். தராசில் கிலோவைக் குறைக்கிறவனைப் பார்த்து நம் பெண்கள் வைக்கும் பட்டப்பெயர்களைக் கேட்டால் எந்தச் சித்திரக்காரரும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுவார். அந்தக் கேலி மலையிலேயே கரைந்துபோகிறது, தாளுக்கு வருவதில்லை.

ஆகவே இரண்டு விடயம் கேட்கிறேன். அட்டனிலோ பதுளையிலோ இரத்தினபுரியிலோ புத்தகக் கண்காட்சி வைக்கிறவர்களிடம் நம் கிளைகள் போய், ஒரு சித்திரக்காரரையும் கூப்பிடுங்கள், தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளோடு அரை நாள் உட்கார வையுங்கள் என்று சொல்ல வேண்டும். மேடையில் ஏற்றி மாலை போட்டு அனுப்பினால் போதாது.

மற்றது ஆசிரியர் குழுவுக்கு. இந்தப் பத்திரிகையில் ஒவ்வொரு இதழிலும் கால் பக்கம் தொழிலாளர் வரையும் கேலிச்சித்திரத்துக்கு ஒதுக்குங்கள். சாதியை, உடம்பின் குறையை, பெண்ணின் நிறத்தை வைத்துச் சிரிக்கிற படம் வேண்டாம். இல்லாதவனைக் கேலி செய்ய ஊரில் ஏற்கெனவே ஆள் நிறைய உண்டு. மற்றபடி துரை, கணக்கப்பிள்ளை, பிரதேச சபை, நம் மாவட்டத் தலைவர், பொதுச் செயலாளர், யாராக இருந்தாலும் போடுங்கள். படத்தை வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற பொறுப்பு, அதில் இருக்கிறவரிடம் போகக் கூடாது.

வரைகிறவர்களுக்கு: கோடு போடாத வெள்ளைத் தாள், கறுப்பு மை போதும். கிளைக் காரியாலயத்தில் கொடுக்கலாம். பெயர் போட விரும்பாதவர்கள் போட வேண்டாம்.