மேய்ச்சல் காட்டில் தேறும் மாடே வேண்டும்

கொட்டகையில் கட்டிப் புண்ணாக்கும் தவிடும் வைத்தால் எந்த மாடும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் காடு காய்ந்த பிறகும் உடல் தளராமல் நின்று அடுத்த கன்றுக்குச் சினை பிடிக்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை. பொலிகாளைகளைத் தேர்ந்தெடுக்கும் நம் அரசுத் திட்டங்களோ தாயின் பாலளவையே முதன்மையாகப் பார்க்கின்றன. இந்த முறை மாற வேண்டும்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களின் கொறங்காடுகள் மானாவாரி மேய்ச்சல் நிலங்கள். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். ஒரு காட்டில் புல் மட்டமானதும் படலைத் திறந்து மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். புல் குறையும் காலத்தில் வெள்வேலங்காய் கை கொடுக்கும். இந்த மேய்ச்சலில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துக் கன்று ஈன்ற பசுக்களின் வழிவந்ததுதான் காங்கேயம் இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேர்பெற்ற மந்தையை உருவாக்கியதும் இதே மண்ணில்தான்.

உடல் பெருத்தால் லாபம் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய 2 முதல் 2.5 சதவீதம் உலர்தீவனம் தின்னும். 300 கிலோ பசுவுக்கு 6 முதல் 7.5 கிலோ போதும். 500 கிலோ பசுவுக்கு 10 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். காய்ந்த காட்டில் அது கிடைக்காதபோது முதலில் தவறுவது சினைப்பருவம்தான்.

இதைப் புரிந்துகொண்டு வென்ற நாடு பிரேசில். அங்கே 'நெலோர்' எனப்படுவது நம் ஓங்கோல் மாடு. சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஓங்கோல் இருந்த காலத்துப் பெயர் அது. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் அந்த மாட்டைப் புல்வெளியில் விட்டு, அங்கே எடை கூடும் கன்றுகளையும் தவறாமல் சினை பிடிக்கும் பசுக்களையும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தார்கள். மாட்டிறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நிற்கும் அந்நாட்டின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி இன்று நெலோரும் அதன் கலப்பும்தான். மேய்ச்சலுக்காக அமேசான் காட்டை அழித்த அவர்களின் தவறு நமக்கு வேண்டாம். தேர்வு முறை வேண்டும்.

இறைச்சி என்றதும் இங்கே பேச்சு நின்றுவிடுகிறது. டிராக்டர் வந்த பின் உழவுக்கும் வண்டிக்கும் காளைகளின் தேவை சுருங்கிவிட்டது. சந்தைக்கு வரும் மாடுகள் அடிமாடாகக் கேரளத்துக்கு லாரி ஏறுவது ஊரறிந்த செய்தி. 10 வயது கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத காளையைச் சான்றிதழோடு அறுக்க 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்த வருமானமும் சேர்ந்தால்தான் நாட்டு மாடு வளர்ப்பவருக்குக் கட்டுப்படியாகும். அதைப் பேசாமல் மறைப்பது, தரகர் கண்மதிப்பாகச் சொல்லும் விலைக்கு அவரைத் தள்ளுவதாகும். எடை போட்டு விலை தரும் சந்தைகள் வேண்டும்.

சினை ஊசிக்கான காங்கேயம் பொலிகாளைகளை, கொறங்காட்டில் மேய்ந்தே ஆண்டுக்கொரு கன்று ஈனும் பசுக்களின் வழியிலிருந்து எடுக்க வேண்டும். ஈத்து இடைவெளி, கோடை முடிவில் பசுவின் உடல்நிலை, கன்றின் எடை ஆகியவற்றை விவசாயிகளின் பட்டிகளிலேயே பதிவு செய்ய வேண்டும். மானாவாரி மேய்ச்சல் கிராமங்களில் ஜெர்சி கலப்பினத்தை ஊக்குவிக்கக் கூடாது. கொறங்காடு வீட்டுமனையாவதைத் தடுக்க, அதை மேய்ச்சலாகவே காப்பவருக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை தர வேண்டும்.

மழை பொய்க்கும் ஆண்டில், தீவனம் வாங்கிப் போட்டுக் காப்பாற்ற வேண்டிய மாடு சிறு விவசாயியைக் கடனாளியாக்கும். இருக்கும் புல்லில் நின்று கன்று தரும் மாடு அவர் குடும்பத்தைக் காக்கும். எந்த மாட்டைப் பெருக்குவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் இருக்கிறது. அடுத்த பொலிகாளைத் தேர்விலேயே அது அந்த முடிவை எடுக்க வேண்டும்.